சென்னியப்பன் இறக்காத மூட்டை

சென்னியப்பனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் காலை அவருடைய மகள் துளசிமணி டவுன் பஸ்ஸில் ஏறியபோது பஸ் இடது பக்கமாக ஒரு சாண் சாய்ந்தது, டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார், கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அக்கா, உங்களுக்கு இலவசம், லக்கேஜுக்குத்தான் டிக்கெட்டு," என்றார்.

துளசிமணி வெறுங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினாள். "எந்த லக்கேஜு?"

"முதுகுல இருக்கறது."

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. விரல் நுனிகளில் மட்டும் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. கருமாதி வீட்டில் பன்னிரண்டு நாள் தூக்கமில்லாமல் வேலை செய்த அலுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று விளங்கியதும், முந்தானை முடிச்சை அவிழ்த்து லக்கேஜுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டாள். இறங்கும்போது பின்னால் நின்ற பெண் முதுகில் இடிக்காமல் வழிவிட்டாள்.

அது சென்னியப்பனின் மூட்டை. எழுபது கிலோ விரலி மஞ்சள்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி ஒருவன் முதுகில் வைத்து "ஏறிச்சு" என்பார்கள். அவன் குனிந்த முதுகோடு கிடங்குக்குள் நடந்து, மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் அட்டியண்டை போய்த் திரும்பி நிற்பான். அட்டி மேலிருப்பவர் மூட்டையின் மேல்முனைக் காதைப் பிடித்து "வாங்கிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் அவன் பிடியை விடுவான். அந்தச் சொல் விழாமல் மூட்டை விழுந்தால் அது இறங்கின கணக்கில்லை. பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதத்தில் சென்னியப்பன் அட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றார், அட்டி மேலிருந்த மாரப்பன் பீடி பற்றவைக்க ஒரு மூச்சு நேரம் திரும்பினார், அந்த ஒரு மூச்சுக்குள் சென்னியப்பனின் இடுப்பில் பச்சைக் குச்சி ஒடிவதுபோல ஏதோ ஒடிந்தது. அவர் விழுந்தார், மூட்டை பிரிந்து மஞ்சள் கொட்டியது, கூட்டி அள்ளி வேறு சாக்கில் கட்டினார்கள், லாரியில் ஏற்றி மகாராஷ்டிராவிலுள்ள சாங்கிலிக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் "வாங்கிட்டேன்" என்று யாரும் சொல்லவில்லை என்பதால் மூட்டை சென்னியப்பன் முதுகைவிட்டு இறங்கவில்லை.

பதினோரு வருடம் அவர் அதோடு கட்டிலில் கிடந்தார். கட்டில் கால்கள் சிமென்ட் தரையில் நான்கு குழி தோண்டின. சாவு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "நம்ம பையன் மோகனக் கொண்டுபோய் வாய்க்காலுக்கு அக்கரைல நிறுத்துங்க, எம் மூச்சு நின்னப்பறம் வரட்டும்," என்றார். அவருடைய அப்பனுக்கும் இடுப்பு போயிருந்தது, அப்பனுக்கு அப்பனுக்கும் போயிருந்தது. மூட்டை மகனைத்தான் தேடும் என்பது அவர் கண்ட வரைக்கும் சரியாகவே இருந்தது. "அப்ப துளசி?" என்று கேட்டாள் அவர் பெண்டாட்டி. "அவ பொம்பளப் புள்ளதான, அவளுக்கொண்ணுமாகாது, அவ எந் தலமாட்டுல இருக்கட்டும்."

அப்படித்தான் மோகனசுந்தரம் காலிங்கராயன் வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் செல்போனைப் பார்த்தபடி நின்றான், துளசிமணி அப்பாவின் தலையை மடியில் வைத்துப் பால் ஊற்றினாள், மூட்டை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவள் மேல் ஏறிக்கொண்டது.

வீதி அதை இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. டீக்கடை பெஞ்சில் அவள் ஓரத்தில் உட்கார்ந்தால் மறு ஓரத்தில் இருப்பவர் டீயோடு மேலே போய்விடுகிறார் என்பதால் அவளுக்கு நடு இடம் ஒதுக்கப்பட்டது. அவளுடைய கணவன் சிவராஜ், லாரி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன், மொபெட்டின் பின் டயருக்கு வேறு டியூப் போட்டுக் காற்றை ஏற்றி வைத்தான். எதிர்வீட்டுக்காரி அவள் சேலை முதுகிலிருந்து கொட்டும் மஞ்சளை வெள்ளிக்கிழமை காலையில் வாசல்படிக்குப் பூச ஒரு சிட்டிகை வழித்துக்கொள்ள அனுமதி கேட்டாள், பிறகு மற்றவர்கள் அனுமதி கேட்பதையும் விட்டுவிட்டார்கள். மண்டியில் அவள் மஞ்சள் பொறுக்கும் வேலைக்குப் போகும்போது, சுமை தூக்குகிறவர்கள் எதிரே சுமையோடு வருகிறவனுக்குச் செய்வதையே அவளுக்கும் செய்தார்கள். போகிற போக்கில் மூட்டைக்கு அடியில் ஒரு உள்ளங்கையைக் கொடுத்து, இரண்டு எட்டு கூட நடந்து, கையை எடுத்துக்கொண்டு தங்கள் வழியில் போனார்கள். அந்த இரண்டு எட்டில்தான் அவள் முழு மூச்சு விட்டாள்.

ஆனால் அவள் பழகிக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒன்பது வயதில் மௌனிகா என்று ஒரு மகள். அப்பனிடமிருந்து தனக்கு வந்தது தன்னிடமிருந்து யாருக்குப் போகும் என்பதை அவள் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒவ்வொரு படி இறங்கும்போதும் நினைத்தாள், நினைத்து நினைத்து ஒரு நாள் தீர்மானித்துவிட்டாள், இது என்னோடு நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஹெப்சிபா என்ற டாக்டர் நான்கு பேரோடு வந்து, சுமைத் தொழிலாளர் சங்க ஆபீஸில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒரே மூட்டையைத் தூக்குகிற இரண்டு பேரில் ஒருவனுக்கு முப்பதில் இடுப்பு போவதும் ஒருவனுக்கு எழுபதிலும் போகாததும் ஏன் என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவரிடமும் ஒரு குப்பி ரத்தம் எடுத்தார். துளசிமணி எடை பார்க்கும் கருவியில் ஏறினாள். நூற்று முப்பத்தொன்பது காட்டியது.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "உங்க சொந்த எடை?"

"அம்பத்திரண்டுங்க."

"அப்பா மூட்டை?"

"எழுபதுங்க."

"நூத்தி இருபத்திரண்டு. மிச்சம் பதினேழு இருக்கே. எழுபது எனக்குப் பாடம் இல்லம்மா, அது உங்க மண்டி விவகாரம். நான் வந்தது அந்தப் பதினேழுக்குத்தான்." அவர் மேசை மேலிருந்த தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து விரலில் வளையமாகச் சுற்றிக் காட்டினார். "முதுகெலும்புல ஒரு எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவுல ஒரு மெத்தை. வெளியில இப்படி நார் வளையம், உள்ள நுங்கு மாதிரி வழவழன்னு. நார் விட்டுப்போனா நுங்கு பிதுங்கி வந்து நரம்பை அழுத்தும். அந்த நாரை எப்படித் திரிக்கணும்னு பிறக்கும்போதே உடம்புல எழுதியிருக்கு. சில குடும்பத்துல அந்த எழுத்து அங்கங்க மாறியிருக்கும். நார் கொஞ்சம் இளசாத் திரிஞ்சிரும்."

"ஆம்பளைகளுக்கு மட்டும்தானுங்களே?"

"யார் சொன்னா?"

"எங்கப்பா."

"அப்பாவுக்கு முதுகுதான் தெரியும், இது தெரியாது. அப்பாகிட்ட இருந்தும் வரும், அம்மாகிட்ட இருந்தும் வரும். மகனுக்கும் போகும், மகளுக்கும் போகும்."

துளசிமணி அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "எம் பொண்ணுக்கு வந்திருக்குமுங்களா?"

"வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்தாலே இடுப்பு போயிரும்னும் இல்ல. அதுக்கு மேல எவ்வளவு ஏத்துறோம், எப்படிக் குனியறோம், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே கிடக்கறோம், பீடி குடிக்கறோமா, எல்லாம் சேரணும். தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"தெரிஞ்சா அதுக்கு மேல ஒண்ணும் ஏத்தாமப் பாத்துக்குவேனுங்க. முதல்ல இந்த எழுபத எறக்கிப்போட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, அவள் அங்கிருந்து நேராக மாரப்பன் வீட்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் போகவில்லை. இறக்கப்போகிற மூட்டைக்கு இன்னொரு டிக்கெட் எதற்கு என்று தோன்றியது.

மாரப்பன் அன்றைக்குப் பிறகு மண்டிக்கு வந்ததில்லை, பீடியும் தொட்டதில்லை. ஆற்றங்கரையில் சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் அட்டி மேல் நின்றவருக்குப் பார்வையே தராசு. மூட்டையோ ஆளோ மாடோ, பார்த்தால் அரைக் கிலோ பிசகாமல் சொல்வார். தூரத்தில் வருகிறவளைப் பார்த்ததும் விசிறியைக் கீழே வைத்தார்.

"அம்பத்திரண்டு நீ. அதுக்கு மேல எழுபது எம் பாவம்," என்றார். "எனக்குத் தெரியும் கண்ணு, ஒரு நாளைக்கு நீ வருவேன்னு."

"தெரிஞ்சும் பதினோரு வருசம் எதுக்குங் மாமா சோளம் சுட்டீங்க? எங்கப்பா படுத்த கட்டிலு உங்க வீட்டுல இருந்து ரெண்டு மைலு."

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது?"

"மூஞ்சி எனக்கு வேண்டாமுங்க. அந்த ஒரு சொல்லுதான் வேணும்."

அவர் அழுதார், அவள் காத்திருந்தாள். அழுது முடித்தபின் அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டு அவளோடு நடந்தார்.

மண்டியில் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். மாரப்பன் அட்டி மேல் ஏறினார், துளசிமணி அப்பா நின்ற இடத்தில் அப்பா நின்ற மாதிரி முதுகைக் கொடுத்து நின்றாள், அவர் ஒன்றுமில்லாத காற்றில் இரண்டு கைகளையும் விட்டு ஏதோ ஒன்றின் காதைப் பிடித்தார், தொண்டையைச் செருமினார், பதினோரு வருடமாக வாயிலிருந்த ஒரு சொல்லைத் துப்புவதுபோல "வாங்கிட்டேன்" என்றார். தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அட்டி அதிர்ந்தது, மஞ்சள் புகை எழும்பி அத்தனை பேர் கண்ணிமைகளிலும் படிந்தது. துளசிமணி நிமிர்ந்தாள். அவள் இவ்வளவு உயரமா என்று பொறுக்கும் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எடைமேடையில் ஏறினாள். அறுபத்தொன்பது.

"அம்பத்திரண்டில்ல காட்டோணும்?" என்றார் மாரப்பன், மேலிருந்து எட்டிப் பார்த்து.

"பதினேழு எங்கூடப் பொறந்ததுங்க மாமா. எங்க பாட்டனுக்கும் முந்தினது."

"அதுக்கு யாரு வாங்கிட்டேன்னு சொல்றது?"

"சொல்றவங்க ஒருத்தரும் உசுரோட இல்லீங்க," என்றாள் துளசிமணி. அவள் அழவில்லை. எழுபதை இறக்கின முதுகுக்குப் பதினேழு என்பது இடுப்பில் வைத்த பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளை என்றதும் நினைப்பு மறுபடி மௌனிகாவிடம் போய் நின்றது.

அடுத்த மாதம் மோகனசுந்தரம் கோயம்புத்தூரில் அவனுடைய கம்பெனியில், சக்கரம் வைத்த நாற்காலியில், குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தும்மல் தும்மினான். அவ்வளவுதான். நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில், அப்பாவுக்கு ஒடிந்த அதே இடத்தில் ஒடிந்தது. காரின் பின் சீட்டில் மல்லாக்கப் படுத்தபடி ஊருக்கு வந்து சேர்ந்தான். பென்சிலைத் தவிர அவன் வாழ்க்கையில் ஒன்றும் தூக்கியதில்லை என்பது தெரிந்தவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மூட்ட தூக்கி முதுகு போனவனப் பாத்திருக்கறன், தும்மி முதுகு போனவன இப்பத்தான்டா பாக்கறன்," என்றார் பொன்னுச்சாமி. அவருக்கு அறுபத்திரண்டு வயது, நாற்பது வருடமாகத் தூக்குகிறார், இன்னும் ஒரு வலி நிவாரணித் தைலம் வாங்கியதில்லை.

ஆறு வாரம் கழித்து எழுந்து நடந்தபோது மோகனசுந்தரம் மண்டிக்கு வந்தான். மறுபடி அட்டிக்கு வரத் தொடங்கியிருந்த மாரப்பன் பார்த்துவிட்டு "எழுபத்தெட்டு" என்றார். மேடை தொண்ணூற்றைந்து காட்டியது. அவன் உடனே மேடையைவிட்டு இறங்கவில்லை.

"அக்கா, என்ன அன்னிக்கு அக்கரைல நிறுத்துனாங்க. நானும் நின்னேன். நீ மடில வெச்சுட்டிருப்பேன்னு தெரிஞ்சே நின்னேன்."

"விடு. நம்மப்பன் கண்டாரு பாரு, ரத்தம் வாய்க்காலத் தாண்டாதுன்னு," என்றாள் துளசிமணி. அப்புறம் அவனுடைய இடுப்பில் பின்னாலிருந்து உள்ளங்கையைக் கொடுத்து இரண்டு எட்டு நடந்தாள். அவனுக்கு அது என்ன வழக்கம் என்று தெரியாது, இருந்தும் மூச்சு விட்டான்.

அதற்கப்புறம் சும்மா இருப்பார்களா? அன்றைக்கே மண்டி முழுக்க வரிசையில் நின்றது. மாரப்பன் பார்த்துச் சொல்லும் எடைக்கும் மேடை காட்டும் எடைக்கும் நடுவில் இருப்பதுதான் அவனவன் கூடப் பிறந்தது என்று விளங்கிவிட்டிருந்தது. ஒருவனுக்கு நான்கு வந்தது, ஒருவனுக்குப் பதினொன்று, பொறுக்கும் பெண் ஒருத்திக்கு இருபத்தொன்று, அண்ணன் தம்பிகளிலேயே ஒருவனுக்கு ஒன்பதும் ஒருவனுக்கு இரண்டும். பொன்னுச்சாமி ஏறினார். பார்வைக்கு அறுபத்தாறு, மேடைக்கும் அறுபத்தாறு. "எனக்கொண்ணுமே இல்லியா?" என்று பந்தியில் இலை கிடைக்காதவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். இத்தனை வருடம் முதுகு பிடித்தவர்களையெல்லாம் சோம்பேறி என்று அவர் பேசியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவர்கள் ஒவ்வொருவரிடமாகப் போய், கையில் தைலப் புட்டி ஒன்றை வைத்துவிட்டு வந்தார். நூறு நாள் தூக்கினாலும் ஒருவன் நன்றாக இருப்பதையும், ஒரு நாள் தூக்கி ஒருவன் விழுவதையும் பற்றி மண்டியில் அதற்குப் பிறகு யாரும் கேலி பேசவில்லை. ஏற்றிவிடுகிறவர்கள் ஆளைப் பார்த்து மூட்டையைத் தேர்ந்தார்கள். பதினொன்று உள்ளவனுக்குச் சின்ன மூட்டை, பொன்னுச்சாமிக்குப் பெரியது. அவர் ஒரு வார்த்தை முனகவில்லை.

துளசிமணி மட்டும் மௌனிகாவை மண்டிப் பக்கமே கூட்டி வரவில்லை. வரிசை தீர்ந்தது, ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. சிவராஜ் சாங்கிலியிலிருந்து திரும்பி வந்து, சாப்பிட்டு, கை கழுவியபின் கேட்டான், "பயமா இருக்குதா?"

"ம்."

"பாக்காம இருந்தா மட்டும் எறங்கிருமா?"

அவன் அந்த வருடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளை யூனிஃபார்மோடு, பையோடு, அப்படியே மண்டிக்குக் கூட்டிப்போனாள். பையைக் கழற்றி வைக்கச் சொன்னாள். மாரப்பன் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், சொல்ல விருப்பமில்லாதவர்போல "இருபத்தாறு" என்றார்.

மேடை நாற்பத்து மூன்று காட்டியது.

எல்லோர் பார்வையும் பிள்ளை மேல் விழுந்தது. மௌனிகா எண்ணையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். "எதுக்கும்மா எல்லாரும் இப்படிப் பாக்கறாங்க? எனக்கு ஒண்ணும் கனமாவே இல்லையே." பிறந்ததிலிருந்து இருப்பது அவளுக்கு எப்படிக் கனக்கும்.

துளசிமணி அழுதுவிடுவாள் என்று பொறுக்கும் பெண்கள் கிட்டே வந்தார்கள். அவள் அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்தாள், தெரிந்துவிட்டது. குனியாமல், முட்டியை மடக்கி உட்கார்ந்து, மகளின் புத்தகப் பையை இரண்டு கையாலும் எடுத்து மேடையில் வைத்தாள். எட்டரை.

"பதினேழும் எட்டரையும் எத்தன?" என்றாள், மகளிடமா மண்டியிடமா என்று தெரியாமல்.

"இருபத்தஞ்சரை," என்றாள் மௌனிகா.

"நீ?"

"இருபத்தாறு."

பொன்னுச்சாமி அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். எழுபது கிலோவை ஒரு மூச்சில் ஏற்றுகிறவர், எட்டரையை ஒரு கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். "நம்மூரு முதலாளிகூட ஆளு எடைக்கு ஆளு எட ஏத்தமாட்டானே," என்றார். அப்புறம் ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுப் பிள்ளை நினைவுக்கு வந்தது, அவரவர் மேடையில் கண்ட எண் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாய்க்கால் ரோட்டில் ஓர் ஊர்வலம் போனது. இடுப்பில் கொக்கியும் தலையில் துண்டுமாக நாற்பது சுமைத் தொழிலாளர்கள், மஞ்சள் பொறுக்கும் பெண்கள் முப்பது பேர், சட்டையை உள்ளே விட்டு இடுப்பில் பெல்ட் கட்டிய மோகனசுந்தரம் ஒருவன், லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்த சிவராஜ், ஆளுக்கொரு பிள்ளை. ஒவ்வொரு பிள்ளையின் பைக்கு அடியிலும் ஒரு உள்ளங்கை இருந்தது. இரண்டு எட்டுக்கு அப்புறம் யாரும் கையை எடுக்கவில்லை. பிள்ளைகள் சிரித்தன, சில ஓடப் பார்த்தன, பெரியவர்கள் கூடவே ஓடினார்கள். டவுன் பஸ் நின்று வழிவிட்டது, கண்டக்டர் படியில் நின்று வணக்கம் வைத்தார்.

பள்ளிக்கூட வாசலில் மணி அடித்தது. ஒரு பிள்ளையும் உள்ளே போகவில்லை, ஒரு கையும் நகரவில்லை. தலைமையாசிரியை படியில் வந்து நின்றார். "என்னம்மா இது? பிரேயருக்கு நேரமாச்சு, விடுங்க பிள்ளைகளை."

"எங்க மண்டில ஒரு வழக்கமுங்க டீச்சர்," என்றாள் துளசிமணி. "அந்தப் பக்கம் இருக்கறவங்க 'வாங்கிட்டேன்'னு சொல்லாம நாங்க பிடிய விடமாட்டோம். ஒருத்தர் சொல்லாம விட்டு எங்கப்பா பதினோரு வருசம் சுமந்தாரு. இதுங்க ஒவ்வொண்ணு மேலயும் பொறக்கும்போதே ஏறினது ஒண்ணு இருக்குதுங்க, அத எறக்க உங்களாலயும் ஆகாது எங்களாலயும் ஆகாது. அதுக்கு மேல ஏத்தினது நீங்க. அத நீங்கதான் வாங்கோணும்."

"புக் எல்லாம் கொண்டுவரணும்மா, டைம்டேபிள் அப்படி. நான் என்ன பண்ண முடியும்?"

"அலமாரி இருக்குதுல்லங்க உள்ள?"

"இருக்கு."

"பூட்டிக் கிடக்குதாம். பாப்பா சொன்னா."

தலைமையாசிரியை படியிலேயே நின்றார். வாசலில் வெயில் ஏறியது. பிரேயர் நேரம் போனது, முதல் பீரியட் மணி அடித்தது. பிள்ளைகள் கால் மாற்றி நின்றன. அத்தனை உள்ளங்கைகளில் ஒன்றுகூட இறங்கவில்லை, நாளைக்கு வரைக்கும் நிற்பவர்கள் அவர்கள், நிற்பதுதான் அவர்கள் தொழில். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், பைகளுக்கு அடியிலிருந்த காய்த்துப்போன கைகளைப் பார்த்தார். கடைசியில் உள்ளே திரும்பி, ஆயாவிடம் அலமாரிச் சாவிக் கொத்தை எடுத்து வரச் சொன்னார். சாவி வந்ததும் படி இறங்கி முதலில் நின்ற மௌனிகாவுக்குப் பின்னால் வந்து, வழக்கம் தெரியாதவர் செய்யும் கூச்சத்தோடு, பையின் காதை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வாங்கிட்டேன்," என்றார்.

துளசிமணி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கால்களைப் பார்த்தாள். அவை எடை தெரிந்து, சுமையை வாங்கினவருக்கு மடங்குவதுபோல மெல்ல மடங்கின. அதற்குப் பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.